பிடித்துவைத்த மூக்குக்கண்ணாடி

மனைவி இறந்த மூன்றாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பொட்டலக்காரரின் வீட்டிலிருந்து நான்கு தலையணைகள், ஒரு குடை, ஒரு லேடீஸ் சைக்கிள் ஆகியவை காணாமல் போயின. திருடன் வரவில்லை. தன் கருவியில் சேர்த்த புதிய கட்டளையை அவர் அன்றுதான் முதன்முதலாக ஓட்டிப் பார்த்திருந்தார். மென்பொருளை அதற்குத் தேவையான துணை நிரல்களோடு கட்டி, எந்தக் கணினியிலும் நிறுவித்தரும் கருவி அது. ஐந்து வருடமாகத் தனியாளாகப் பராமரித்துவந்தார். அதனால்தான் தெருவில் அந்தப் பெயர்.

கருவியைப் பயன்படுத்திய பள்ளிக்கூடத்தின் பழைய கணினிகளில் இடமில்லை. யாருக்கும் தேவைப்படாததைக் கருவியே நீக்க வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரியோ, எதைத் தொட்டாலும் ஸ்கேன் இயந்திரம் படுத்துவிடுகிறது, ஒரு துரும்பும் அசையக் கூடாது என்றது. பார்வையற்ற நூலகர், எது போவதானாலும் முன்கூட்டி வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். பள்ளிக்கூடத்துக்காக எழுதிய கட்டளைதான் சைக்கிளைக் கொண்டுபோனது. சைக்கிளை ஓட்டியவள் இப்போது உயிரோடு இல்லை. வேறு யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. மேஜைமேல் அவளுடைய மூக்குக்கண்ணாடி இருந்தது. அன்றே, எதையும் நீக்காமல் காக்கும் 'பிடித்துவை' என்ற சொல்லைச் சேர்த்து, முதல் ஆளாகக் கண்ணாடிமீது அதைப் போட்டார். ஆஸ்பத்திரிக்கும் அது பிடித்துப்போயிற்று. நூலகருக்காகக் கருவி பேசவும் கற்றுக்கொண்டது.

ஆனால் பிடித்துவைத்த பொருள், தான் சார்ந்திருப்பதையெல்லாம் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். விதியை எழுதியவர் அவரே. கண்ணாடிக்கு மேஜை வேண்டும், மேஜைக்கு வீடு வேண்டும், தூசி துடைக்க ஓர் ஆள் வேண்டும். வியாழக்கிழமை பால் வாங்கக் கிளம்பினார். கதவு திறந்தது, கால் நிலைப்படியைத் தாண்டவில்லை. ஜன்னல் வழியாகவும் முயன்றார். பிறகு முயலவில்லை. ஏழு மாதம் போயிற்று.

மூன்று பஸ் மாறி வாராவாரம் காய்கறி கொண்டுவந்த அக்கா, ஒருநாள் பையை இறக்கியதும் கணினி முன்னால் உட்கார்ந்தாள்.

"அந்தக் கண்ணாடிய விட்டுடுடா."

"விட்டா போயிடும்க்கா."

"நீ வெளிய போவல்ல? முப்பத்திரண்டு வயசுல வீட்டுக்கு வாட்ச்மேன் வேலை பாக்குற."

அவர் தடுக்கவில்லை. விடுவிக்கும் கட்டளையை அவளே தட்டினாள். கருவி நிதானமாகப் படித்தது: "நீக்கப்படுபவை: மூக்குக்கண்ணாடி. மேஜை. வீடு. பொட்டலக்காரர். இவற்றை வேறு யாரும் கேட்கவில்லை. தொடரவா?"

சுட்டதுபோல அக்கா கையை இழுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குக் கருவி தேவை. அவர் தேவை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

"யாரும் கேக்கலையாமே! நான் என்ன முருங்கைக்காய் பாக்கவா வரேன்? எழுதுடா என் பேர."

எழுதினார். ஒரே வரி: பொட்டலக்காரரைக் கேட்பவர், அக்கா. அவருக்கு வேண்டிய வீடும் மேஜையும் அவரோடு தப்பின; மறுபடி கேட்டபோது பட்டியல் சுருங்கியிருந்தது. "மூக்குக்கண்ணாடி. தொடரவா?"

"இப்ப நீயே அழுத்து" என்றாள்.

வாசல் திறந்தே கிடந்தது. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணாடியை எடுத்துச் சட்டை நுனியால் துடைத்தார். வலது பக்கத்தில் அவள் விரல் ரேகை ஒன்று இருந்தது. வழக்கம்போல அதை விட்டுவிட்டுச் சுற்றித் துடைத்தார். 'இல்லை' என்பதை அழுத்தினார்.

அக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள். பிறகு அவர் தலையைப் பார்த்தாள்.

"முடி காத மூடிடுச்சு. ஆள் அனுப்புறேன்."

அடுத்த ஞாயிறு முதல் முடிதிருத்துபவர் வீட்டுக்கே வந்தார். ஒன்பது வருடம் வந்தார். ஏன் வெளியே வருவதில்லை என்று ஒருமுறையும் கேட்கவில்லை. மழை பெய்தால் மட்டும் கொஞ்சம் தாமதமாக வருவார்.