நெஞ்சுக் குழாய்

பாடையில் கிடத்திய மொக்கையனின் விலாவோரம், வேட்டி மடிப்புக்குள், சித்தப்பா காசிராஜன் அந்தச் சிவப்புக் குழாயைச் செருகியதைத் தம்பி வீரபாண்டி பார்த்துக்கொண்டுதான் நின்றான். தடுக்கவில்லை.

"ஆசுபத்திரியில அறுத்து எடுத்தது. ஒடம்புல ஒண்ணும் கொறையக் கூடாதுடா. சேந்தே எரியட்டும்."

"ஆமா சித்தப்பா. சேந்தே போகட்டும்."

அறுத்து எடுத்ததில்லை என்று வீரபாண்டிக்குத் தெரியும். அண்ணனோடும் மதினி மாரிக்கனியோடும் மதுரைக்குப் போயிருந்தவன் அவன். ஸ்கேனில் தெரிந்த ரத்தக்குழாயை அதே அளவில் மிஷினில் பிளாஸ்டிக்காக வார்த்து மேசை மேல் வைத்திருந்தார் டாக்டர். கைத்தடிப் பிடிபோல் வளைந்த குழாய். வளைவில், எலுமிச்சம்பழத்தை முழுங்கியதுபோல ஒரு புடைப்பு.

"இதயத்துல இருந்து ரத்தம் வெளிய வர்ற குழாய் இது. இந்த இடம் நைஞ்சுபோச்சு. மூச்சப் பிடிச்சு பாரம் தூக்குனா வெடிக்கலாம். ஆபரேசன் முடியிற வரைக்கும் மூட்டையத் தொடாதீங்க" என்றவர், வீட்டில் காட்டச் சொல்லி அதைக் கொடுத்தனுப்பினார். பிறகு வீரபாண்டியைப் பார்த்தார். "கூடப்பொறந்தவங்களுக்கும் இருக்கலாம். நீங்களும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துருங்க."

"சரிங்க சார்" என்று வந்தவன்தான். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எடுத்தால்தானே இருப்பது தெரியும்.

அண்ணன் குழாயை டிவி பக்கத்தில் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினான். "காட்டுல வெளையாத சொரக்கா என் நெஞ்சுக்குள்ள காச்சிருக்கு, பாருங்க." இருவருமே கரிமூட்டை தூக்குகிறவர்கள். நேற்று திருச்சுழி ரோட்டுக் குடோனில் லோடு லாரி காத்து நின்றது, ஆள் பற்றவில்லை. "ஒரு மூட்டைதானடா" என்று குனிந்தான் அண்ணன். நிமிரவில்லை.

அப்போதிருந்து வீரபாண்டி தன் நெஞ்சுக்குள் காதை வைத்துக்கொண்டிருந்தான். இருமல் வந்தால் பயம். ஏப்பம் வந்தால் பயம். அழுகை முட்டியபோதும், மூச்சடைத்துவிடுமோ என்று வாயைத் திறந்தே வைத்துக்கொண்டான். அந்தக் குழாய் எரிந்துவிட்டால், ஸ்கேன் எடுத்தாயா என்று கேட்பாரில்லை.

மாரிக்கனி எழுந்து வந்தாள். வேட்டி மடிப்புக்குள் கைவிட்டுக் குழாயை உருவினாள்.

"ஏத்தா, என்ன செய்யுற?" என்றார் காசிராஜன்.

"இது பிளாஸ்டிக்கு மாமா. அவுக ஒடம்பு அவுககிட்டதான் இருக்கு." அதைக் கொண்டுவந்து வீரபாண்டி கையில் வைத்தாள். "அவுகளுக்கு இனி என்னத்துக்கு? ஒங்களுக்குத்தான் ஆகும் கொழுந்தனாரே. ஸ்கேன் எடுத்தீகளா?"

மிஷின் ஏடேடாக வார்த்த வரிகள் விரலில் நெருடின. அவன் பெருவிரல் தானாகப் போய்ப் புடைப்பின் மேல் நின்றது. அழுத்தவில்லை.

"என்ன ஸ்கேனு?" என்றாள் அவன் மனைவி சோலையம்மாள்.

"டாக்டரு இவுகளையும் பாக்கச் சொன்னாரே. ஒங்கிட்டச் சொல்லலையா?" என்று கேட்டுவிட்டு மாரிக்கனி பெண்களோடு போய் உட்கார்ந்துகொண்டாள்.

சோலையம்மாள் குழாயையும் புருஷனின் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குழாயை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சங்கு ஊதினார்கள். "வெயில் ஏறுது. வீரபாண்டி, தலமாட்டுப் பக்கம் வாடா" என்றார் காசிராஜன்.

துண்டை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போனான். மூங்கிலைப் பிடித்துக் குனிந்தான். அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவே வந்து சோலையம்மாள் அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"ஆள மாத்துங்க மாமா. இவுக தூக்க வேணாம்."

"என்னத்தா கூத்து இது? லாரி லாரியா மூட்டை ஏத்துறவன், அண்ணனத் தூக்குனா தேஞ்சா போயிருவான்?"

"பொண்டாட்டி உத்தரவு இல்லையாம்ல" என்று கூட்டத்தில் யாரோ ஒருவன் சிரித்தான்.

வீரபாண்டி குனிந்தபடியே நின்றான். மூச்சைப் பிடித்து ஒரே தூக்கு. இத்தனை வருஷமும் அப்படித்தான். பிடிக்கப்போன மூச்சை விட்டான். மூங்கிலிலிருந்து கையை எடுத்தான்.

"ஏலாது சித்தப்பா. வேற ஆளக் கூப்பிடுங்க."

காசிராஜன் காறித் துப்பிவிட்டு வேறொருவனைக் கைகாட்டினார்.

தெருமுனையில் பெண்கள் நின்றுகொண்டார்கள். வீரபாண்டி பாடைக்குப் பின்னால் நடந்தான். பாரமில்லாத தோளில் மடித்த துண்டு நிற்கவில்லை. நழுவி நழுவி விழுந்தது. ஒவ்வொரு தடவையும் எடுத்து, அதே மடிப்பில், திரும்பப் போட்டுக்கொண்டான்.