சாணிக் குறி வைத்த குவியல்

வைத்தியலிங்கம் வாய்க்கால் கரையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். மகன் ராஜராஜன் ஏறிவந்த குட்டி விமானம் எதிரே சேற்றில் மூக்கைக் குத்திக் கிடந்தது. ஓட்டியவருக்குச் சிராய்ப்பு, ராஜராஜனுக்குக் கை முறிவு. உயிர் பிழைத்தது. மானம்தான் ஊர் பார்க்கச் சேற்றில் கிடந்தது.

சிங்கப்பூரில் சம்பாதிக்கும் மகன் கோயில் குடமுழுக்குக்கு ஆகாயத்திலிருந்து வந்திறங்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஊருக்கு வெளியே கிடக்கும் பழைய ஓடுதளத்தில் இறங்க அனுமதி வாங்கியாயிற்று. குறுவை அறுப்பில் ஊரே அங்கேதான் நெல் காயவைக்கும். எல்லோரும் அள்ளிவிட வேண்டும் என்று சொல்லியனுப்பினார். அள்ளிவிட்டார்கள். அவருடைய குவியல் மட்டும் அள்ளாமல் கடைக்கோடியில் இருந்தது. ஓடிவந்த விமானம் அதைக் கண்டு ஒதுங்கப் பார்த்து, ஒரு சக்கரம் நெல்மேல் ஏறிச் சறுக்கிவிட்டது.

பக்கத்து வயலைக் குத்தகைக்கு உழும் வீரையன்மேல் பாய்ந்தார். "உன் நெல்ல அள்ளினவன், இதையும் ஒதுக்கிவிட்டா கை தேஞ்சா போயிடும்?"

"குறி இருந்துச்சுங்களே."

குவித்த நெல்மேல் சாணிப்பாலால் வீட்டுக் குறி போட்டுவிட்டால், அதைக் கலைப்பவன் திருடன். அந்த வழக்கத்தை இறுக்கிப் பிடித்தவரே அவர்தான்.

"ஏரோப்ளேன் வர்ற நேரத்துல குறியாம் குறி."

"மழை வருதேன்னு எங்கப்பாவும் ஒருதடவை உங்க குவியல ஒதுக்கினாரு. குறி கலைஞ்சிருக்குன்னு, திருடலைன்னு கோயில்ல சூடம் அணைச்சு சத்தியம் பண்ண வச்சீங்க. நானும் அணைக்கணுங்களா?"



விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் படமெடுத்து முடித்ததும் அவரைத் தனியே அழைத்து, வீரையன் நெல் என்றே எழுதிக்கொள்ளட்டுமா என்று தணிந்த குரலில் கேட்டார். சரியென்றால் அவர்மேல் வழக்கு வராது. வைத்தியலிங்கம் குவியலைப் பார்த்தார். ஒரு பக்கத்தைச் சக்கரம் வாரிப்போயிருந்தது. மறுபக்கத்தில், தாத்தா காலத்திலிருந்து வரும் வீட்டுக் குறி காய்ந்து அப்படியே இருந்தது.

"என் வீட்டுக் குறி போட்ட நெல்லு. அது எப்படி அவனுதாகும்?" என்றார் எரிச்சலோடு.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது ராஜராஜன் கேட்டான். "ஊருக்கெல்லாம் சொன்னீங்க. நம்ம வீட்டுக்குச் சொல்லலையாப்பா?"

பதில் சொல்வதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நெல்லை அள்ளச் சொன்னார். சாக்கோடு நின்ற ஆட்கள் அசையவில்லை. குறியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்னொரு முறை அதட்டினார். அப்போதும் அசையவில்லை.

வேட்டியை மடித்துக் கட்டி, குனிந்து, உள்ளங்கையால் குறியை அழித்தார். நெல்லின் சுணை கையை அரித்தது.

"இப்ப அள்ளலாமா?" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.