ஐஸ் கிடங்கில் சம்பந்தி

நகரத்தின் நட்டநடுவே அந்த மாளிகையும் தோட்டமும் கால்நீட்டிக் கிடந்தன. கட்டியபோது ஊருக்கு வெளியே வெறும் காடாம். பிறகு ஊர் வளர்ந்து வந்து அதை விழுங்கப் பார்த்து, முடியாமல், தொண்டையில் மாட்டிய மீன்முள்ளாக வைத்துக்கொண்டிருந்தது. டிரைவிங் ஸ்கூல்காரம்மாவுக்கு அதன் மதில் மட்டும்தான் பழக்கம். நேரே போக வேண்டிய சாலை அந்த மதிலில் முட்டி, இடதுபக்கம் ஒடிந்து, ஊரைச் சுற்றிக்கொண்டு போகும். அவளிடம் வண்டி பழக வந்தவர்கள் எல்லோரும் அந்த வளைவில்தான் இன்ஜினை அணைத்துவிட்டு, பின்னால் வருகிறவன் வாயில் விழுவார்கள். என்றைக்கோ எவனோ காற்று வாங்க ஆசைப்பட்டதற்கு இன்றைக்கும் ஊர் சுற்றிப் போகிறதே என்று அவள் திட்டாத நாள் கிடையாது.

அப்படிப்பட்டவள் ஒரு விடுமுறை நாளில் டிக்கெட் வாங்கிக்கொண்டு அந்த மதிலுக்குள் நுழைந்தாள் என்றால், பெற்ற கடன்தான். மகள், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒரு பையனை விரும்பினாள். இரண்டு குடும்பமும் பேசிப் பழக நல்ல இடம் என்று பையனின் அப்பா இந்த மாளிகையைத்தான் சொன்னார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற மனிதர். விடுமுறை நாட்களில் இங்கே சம்பளமில்லாமல் வழிகாட்டி வேலை பார்ப்பவர்.

"வாங்க வாங்க! நம்ம மாளிகைக்கு உங்களை வரவேற்கிறேன்" என்றார், சட்டையில் குத்திய பித்தளை வில்லையைத் தடவியபடி.

நம்ம மாளிகையாம். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அந்த நிமிஷமே அவள் மனதுக்குள் அவருக்கு 'சமஸ்தானம்' என்று பெயர் வைத்துவிட்டாள். பக்கத்தில் நின்ற அவர் மனைவி, மெலிந்து, கைப்பையை இரு கையாலும் பிடித்தபடி, பேசாமல் தலையாட்டினாள். கணவனுக்குத் தாளம் போடும் ஜால்ரா என்று அவளையும் சேர்த்தே கணக்குத் தீர்த்தாள்.

உள்ளே நூறு பேர் ஆடக்கூடிய கூடம் இருந்தது. ஆட ஆளில்லை. நீள மேஜையில் தட்டும் கரண்டியும் வரிசையாக இருந்தன. சாப்பாடு இல்லை. எல்லாவற்றையும் சுற்றிச் சிவப்புக் கயிறு. சுவரில் ஒரு கனவான் நாயோடு நின்றார். இரண்டு முகத்தில் நாயின் முகத்தில்தான் கொஞ்சம் யோசனை தெரிந்தது. சமஸ்தானம் அந்தப் படத்தின் முன்னால் குரலைத் தாழ்த்தினார், ஏதோ கனவான் தூங்குவது போல.

"இதோ பாருங்க, வேலைக்காரங்களுக்குன்னு சுவருக்குள்ளயே தனிப் படிக்கட்டு. எஜமானர் கண்ணுல அவங்க படவே மாட்டாங்க. என்ன ஒரு நாகரிகம்!"

அவள் எட்டிப் பார்த்தாள். குழாய் மாதிரி இருட்டாகக் கீழே போயிற்று. "இவ்வளவு ஒடுக்கமா இருக்கே. கையில தட்டோட எப்படி எறங்குவாங்க?"

"பழகிடும்மா."

"விழுந்து விழுந்தா?"

சமஸ்தானத்தின் மனைவி இருமினாள். பெரிய மனிதர் வீட்டில் இப்படிப் பேசக் கூடாது என்று சொல்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டாள் டிரைவிங் ஸ்கூல்காரம்மா. மகள் பின்னாலிருந்து அவள் முந்தானையை மெல்ல இழுத்தாள்.

தோட்டத்துக்கு வந்தார்கள். பாதையின் குறுக்கே குழாயைப் போட்டு ஒருவர் பூச்செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"யோவ், விருந்தாளிங்க வர்றது கண்ணு தெரியல? நிறுத்துய்யா தண்ணிய!" என்று சமஸ்தானம் கத்தினார்.

எதிரே யாராவது கண்மூடித்தனமாக எதையாவது செய்தால் அவள் வலது கால் தானாகவே பிரேக்கைத் தேடும். இருபது வருஷமாக மாணவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த கால். இப்போதும் புல்தரையை ஓங்கி மிதித்தது. அதற்குள் பையன், "அவரு வேலையைத்தானேப்பா பாக்குறாரு. நாம சுத்திப் போவோம்" என்று சொல்லி, தோட்டக்காரரைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரித்துவிட்டு, ஈரப் புல்லில் இறங்கி நடந்தான். பரவாயில்லை, பையன் மட்டும் எங்கேயோ பிறந்திருக்கிறான் என்று எண்ணினாள்.

குளத்தங்கரையில் சமஸ்தானம் தன் திட்டத்தை அவிழ்த்தார். "கல்யாணத்தை இந்தப் புல்வெளியிலயே வச்சுருவோம். எங்க ஆளுங்க முன்வாசல்ல கார்ல வந்து எறங்கிடுவாங்க. உங்க பக்கம் கூட்டம் ஜாஸ்தின்னு கேள்விப்பட்டேன். அவங்களுக்குப் பின்பக்க கேட்டுதான் வசதி. பஸ் ஸ்டாப்பு பக்கத்துலயே இருக்கு பாருங்க."

அவளுக்கு உச்சந்தலைவரை சூடேறியது. மகள் முகத்தைப் பார்த்தாள். மகள் குளத்தைப் பார்த்தாள். வீட்டுக்குப் போனதும் இந்தச் சம்பந்தத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுவது என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டாள். பிள்ளைகள் இரண்டு பேரும் சூழ்நிலையை மோப்பம் பிடித்து, டீ வாங்கி வருவதாகச் சொல்லி நழுவினார்கள்.

மிச்சமிருந்தது ஐஸ் கிடங்கு. மண்மேட்டைக் குடைந்து கட்டிய உருண்டை அறை. அந்தக் காலத்தில் எஜமானரின் பழரசத்துக்காக ஐஸ்கட்டியை வைக்கோலில் பொதிந்து இதில் போட்டு வைப்பார்களாம். பெண்கள் இருவரும் வெளியே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். "எதிரொலி கேக்கணுமே நீங்க!" என்று சமஸ்தானம் மட்டும் உள்ளே போய் "ஓ" என்றார். கனத்த மரக்கதவு சாவகாசமாக நகர்ந்து அவருக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

"ஐயய்யோ, கதவு!" என்று இவள் எழுந்தாள்.

"உக்காருங்க சம்பந்தி" என்றாள் அவர் மனைவி. "உள்பக்கம் கைப்பிடி கிடையாது. வெளியில இருந்து திறந்தா உடனே திறந்துக்கும்."

"மூச்சு முட்டிடாதா?"

"மேல பெரிய காத்துத் துவாரம் இருக்கு. நல்லாத்தான் பேசுறாரு, கேக்கலையா?"

கேட்டது. முதலில் "யாராவது இருக்கீங்களா?" என்றவர், யாரும் வராததால் சுவரின் கனத்தைப் பற்றி விளக்க ஆரம்பித்திருந்தார்.

மனைவி கைப்பையை மடியிலிருந்து இறக்கி பெஞ்சில் வைத்தாள். "எங்கப்பா பஸ் கண்டக்டர். கல்யாணமாகி இவரு வீட்டுக்கு என்னைப் பாக்க எங்கப்பா அம்மா மொத தடவையா வந்தாங்க. முன்வாசல்ல பெயிண்ட் காயலைன்னு பின்பக்கமா கூட்டிட்டுப் போனாரு. அந்தப் பெயிண்ட் இன்னும் காயல சம்பந்தி."

டிரைவிங் ஸ்கூல்காரம்மா அவளை முழுசாகத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப இவ்வளவு நேரம் ஏன் வாயத் திறக்கல நீங்க?"

"இருமினேனே!"

இரண்டு பேரும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்கள். உள்ளே பேச்சு நின்றது. "யாரு சிரிக்கிறது? கதவத் திறங்க!"

"பையன் அவர மாதிரி கிடையாது" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்தபடி. "அப்படி இருந்திருந்தா உங்க பொண்ணுகிட்ட நானே ஓடிடும்மான்னு சொல்லிருப்பேன். ஆனா வாசல் விஷயத்துல நீங்க விடாதீங்க. நான் விட்டேன், பாருங்க."

இவள் எழுந்து போய்க் கதவில் வாயை வைத்தாள். "சம்பந்தி! கேக்குதா? கல்யாணத்துக்கு எங்க ஆளுங்க எந்த வாசல் வழியா வருவாங்க?"

"மொதல்ல கதவத் திறங்கம்மா! இங்க ஏதோ ஊருது!"

"வாசலச் சொல்லுங்க."

உள்ளே துள்ளிக் குதிக்கும் சத்தம் கேட்டது. "எந்த வாசல்ல வேணும்னாலும் வரட்டும்மா!"

"இந்த இடமே வேணாம். எங்க ஸ்கூலுக்கு எதிர்ல ஒரு ஹால் இருக்கு. ஒரே வாசல்தான்."

"சரிம்மா! சரி, சரி!"

மனைவிதான் கைப்பிடியைத் திருகினாள். சமஸ்தானம் தலையில் ஒட்டடையோடு, ஒரு கால் செருப்பைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். வெட்கப்படுவார் என்று இவள் காத்திருந்தாள். அதெல்லாம் அவர் ஜாதகத்திலேயே இல்லை.

"கதவோட தரத்தைப் பாத்தீங்களா? இத்தனை வருஷமாச்சு, கதவிடுக்கு வழியா ஒரு நூலிழை வெளிச்சம் உள்ள வரல. இப்ப இப்படிச் செய்ய ஆளு இருக்கா?" என்றார்.

டீயோடு வந்த பிள்ளைகள், இரண்டு அம்மாக்களும் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருப்பதைக் கண்டு பாதியிலேயே நின்றுவிட்டார்கள். "என்னம்மா ஆச்சு?" என்று மகள் கேட்டாள். "ஒண்ணுமில்ல. ஹால் முடிவாயிடுச்சு" என்றாள் இவள்.

கல்யாணம் அந்த ஹாலில்தான் நடந்தது. சமஸ்தானம் வில்லையைக் குத்திக்கொண்டு வாசலில் நின்று, காரில் வந்தவர், பஸ்ஸில் வந்தவர் எல்லோரையும் கைகூப்பி உள்ளே அனுப்பினார். அனுப்பும் முன் ஒவ்வொருவரிடமும், மாளிகையின் குதிரை லாயம் இருந்த இடத்தில்தான் இந்த ஹால் எழும்பியிருக்கிறது என்று ஆதாரத்தோடு விளக்கினார். போன வருஷம்வரை அது டயர் குடோன். இவளுக்கு அது நன்றாகத் தெரியும். போகட்டும் என்று விட்டுவிட்டு, சம்பந்தியம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.