காயாத பூச்சு

லீக்கு மேஸ்திரி தன் வீட்டு மொட்டை மாடியில், தானே அடித்த பூச்சு காய்வதற்காக, நான்கு வருடம் ஐந்து மாதம் ஒரு மூலையில் நின்றார். நடுநடுவே உட்கார்ந்தார், முடங்கிப் படுத்தார், இரண்டு முறை காய்ச்சலில் பிதற்றினார். ஆனால் அந்த மூலையை விட்டு நகரவில்லை. நான்கடி நீளம், மூன்றடி அகலம், அவ்வளவுதான் அவருக்கு மிஞ்சிய காய்ந்த தரை. மற்ற இடமெல்லாம் ஈரம்.

கூரை ஒழுகினால் அந்த ஊரில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வந்ததும் வேலையைத் தொடமாட்டார். முதலில் வெறுங்காலோடு தளம் முழுக்க நடப்பார், எங்கே விரிசல் இருக்கிறது என்று பாதமே சொல்லிவிடும். பிறகு கம்பி பிரஷ்ஷால் பாசியைச் சுரண்டி, கழுவி, இரண்டு நாள் வெயிலில் போட்டு, விரிசலை உளியால் சற்று அகலப்படுத்திப் பசை வைத்து அடைத்து, சுவரும் தளமும் சேரும் இடங்களில் வலைத்துணி ஒட்டி, அதற்கு மேல்தான் வெள்ளைப் பூச்சு. முதல் கோட்டு நீளவாக்கில், அது காய்ந்தபின் இரண்டாவது குறுக்குவாக்கில். அவசரப்படுத்துகிற வீட்டுக்காரர்களிடம், "அவசரம்னா குடை வாங்கிக்கங்க" என்பார். புதிதாக வேலைக்குச் சேர்கிற ஆளிடம் அவர் சொல்லும் முதல் வார்த்தை எப்போதும் ஒன்றுதான்: "தூரத்து மூலையில ஆரம்பி, கதவுகிட்ட வந்து முடி. பின்னால வழி இருக்கான்னு பாத்துக்கிட்டே ரோலரை உருட்டு."

இவ்வளவு தெரிந்த மனிதரின் சொந்த வீடு பதினாறு வருடமாக ஒழுகிக்கொண்டிருந்தது. கீழே ஒரு சைக்கிள் கடை, மேல்மாடியில் இவர்கள் குடித்தனம். மனைவி நோட்டுப் புத்தகம் தைத்து அட்டை ஒட்டுகிறவர், தெருவில் பைண்டிங்கக்கா என்றால்தான் தெரியும். மாடிப்படியை ஒட்டிய அறையில் அவருடைய மேசை. மழைக்காலம் வந்தால் தாள் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக அலைவார். கடைசி மழையில் நானூறு நோட்டுக்கான தாள் ஒரே மத்தியானத்தில் ஊறி அப்பளமாக நெளிந்துவிட்டது. அப்போது அவருக்கு ஆறு மாதம். இத்தனை வருடம் கழித்து வயிற்றில் தங்கிய பிள்ளை.

"என்னங்க, பிள்ளை பொறக்கறப்ப அது தலையில ஒரு சொட்டு விழுந்துச்சு, அப்புறம் உங்களை லீக்குன்னு கூப்பிடறது ஊர் மட்டும் இல்ல, நானும்தான்" என்றார். "முதல்ல என் மேசைக்கு மேல அடைங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

மேஸ்திரியும் தன் வீட்டை மறந்துவிட்டவர் இல்லை. ஒவ்வொரு வேலை முடிந்ததும் வாளியின் அடியில் மிஞ்சுகிற பூச்சை வழித்து எடுத்துவந்து ஒரு நீல டிரம்மில் சேர்த்துவைத்திருந்தார், இருநூற்றுப் பன்னிரண்டு கூரைகளின் மிச்சம். சோம்பல்தான் அவரைத் தடுத்தது, அதை அவரே ஒப்புக்கொள்வார். ஆனால் மனைவி அப்படிச் சொன்ன மறுநாளே மாடி ஏறிவிட்டார். சுரண்டுவதும் அடைப்பதுமாக ஒரு வாரம். எட்டாம் நாள் காலை டிரம்மைக் கலக்கி, ரோலரை நனைத்து, மனைவி சொன்னபடி முதலில் அவருடைய மேசைக்கு மேலே ஆரம்பித்தார். மேசை படியை ஒட்டி இருந்தது, படி ஏறினால் மாடிக் கதவு. ஆக, கதவடியில் ஆரம்பித்தார். பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து, மனைவிக்கு இனி நனையாது என்ற சந்தோஷத்தில் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே உருட்டினார். குதிகால் கைப்பிடிச் சுவரில் இடித்தபோதுதான் நிமிர்ந்தார். கதவு முப்பத்திரண்டு அடி தள்ளி இருந்தது. நடுவில் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

முதலில் சிரித்துவிட்டார். யாரும் பார்க்கவில்லையே என்று தெருவை எட்டிப் பார்த்தார். நாலு மணி நேரம்தானே, காய்ந்ததும் போகலாம் என்று காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். சாயங்காலம் விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். ஒட்டியது. விரலைக் கைப்பிடிச் சுவரில் துடைத்தார். அங்கே ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. மறுநாளும் ஒட்டியது. அப்படி தினம் ஒன்றாக அந்தச் சுவரில் ஆயிரத்து அறுநூற்றுப் பதினொரு கோடு விழுந்தது. இன்றும் போய் எண்ணிப் பார்க்கலாம்.

பூச்சுக் கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்தார். கதவருகே மண்டியிட்டு ஒரு கருவியை நீட்டிப் பார்த்து, காற்றில் ஈரப்பதம் ஜாஸ்தி என்றார். கோடையில் வந்து வெயில் ஜாஸ்தி என்றார். அதற்கப்புறம் வரவில்லை. சைக்கிள் கடைக்காரர் சொன்ன காரணம்தான் ஊருக்குப் பிடித்திருந்தது: இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுப் பூச்சும் ஒன்றாகக் கூடியிருக்கிறது, அத்தனை வீட்டுக்காரர்கள் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்தால் ஒரு முடிவுக்கு வருவார்களா? ஏணியும் வைத்துப் பார்த்தார்கள். தெருவிலிருந்து வைத்த ஏணி ஆள் உயரம் குறைந்தது. இரண்டு ஏணியைச் சேர்த்துக் கட்டினார்கள், அதுவும் ஆள் உயரம் குறைந்தது. தீயணைப்பு வண்டி வந்து ஏணியை நீட்டியது. நீண்டுகொண்டே போய், சரியாக ஆள் உயரம் மிச்சம் இருக்கும்போது நின்றுவிட்டது. பைண்டிங்கக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். "ஏணி ஒண்ணும் குட்டை இல்ல. மனுஷனோட வீம்புதான் நெட்டை" என்றார்.

மேலிருந்து பதில் வந்தது. "நான் எறங்கிட்டா ரெண்டாவது கோட்டு யாரு அடிப்பா? பலகை போட்டு வரச் சொல்றாங்க. பலகை பட்டா தடம் விழும், தடம் விழுந்தா ஒழுகும். ஒரு எடம் ஒழுகினாலும் ஒழுகற வீடுதான்மா."

அதற்குமேல் வழக்காடப் பைண்டிங்கக்காவுக்கு நேரமில்லை. கயிறு கட்டிய வாளியில் சாப்பாடு ஏறியது, துணி ஏறியது, செய்தித்தாள் ஏறியது, ஒரு பெரிய தார்ப்பாயும் ஏறியது. மற்றக் காரியங்களுக்கு இன்னொரு வாளி தனியாக இருந்தது என்பதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது மாதம் மழை வந்தது. தூறலாகத் தொடங்காமல் ஒரேயடியாகக் கொட்டியது. ஈரப் பூச்சு கரைந்து ஓடிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். துளிகள் அதன் மேல் விழுந்து, கொட்டிய கடுகாக உருண்டு, ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு வடிகுழாய்க்குப் போயின. ஒரு துளி கூட வெள்ளையோடு கலக்கவில்லை. கீழே பைண்டிங்கக்கா பழக்க தோஷத்தில் சட்டி, குண்டான், தவலை எல்லாவற்றையும் பரப்பிவைத்துக்கொண்டு காத்திருந்தார். எதிலும் சொட்டு விழவில்லை. விளக்குமாற்றுக் கம்பில் துணியைச் சுற்றிக் கூரையைத் தொட்டுப் பார்த்தார். துணி காய்ந்தே இறங்கியது. பதினாறு வருடமாகக் கேட்ட வீடு இதுதான். அந்தக் காய்ந்த வீட்டின் நடுவில், காலிப் பாத்திரங்களுக்கு மத்தியில் உட்கார்ந்து அவர் அழுதார். அந்த வீட்டில் கண்ணீர்கூடக் கன்னம் தாண்டுவதற்குள் காய்ந்துவிட்டது. அந்த வாரமே மகள் பிறந்தாள், தலையில் ஒரு சொட்டும் விழாமல்.

மழை ஓய்ந்தபின் மாடியில் ஆகாயம் வந்து இறங்கியது. ஈரம் மின்னும் அந்த வெள்ளையில் மேலே உள்ளதெல்லாம் அப்படியே கீழே இருந்தது. மேகங்கள் மேஸ்திரியின் முழங்காலுக்குக் கீழே போயின, கொக்குகள் அவர் காலடியில் வரிசை கட்டிப் பறந்தன. காற்றில் வந்த இலைகள் பூச்சுக்கு ஒரு விரற்கடை மேலே நின்று, சுற்றி, யோசித்து, வேறு பக்கம் போய் விழுந்தன. தூசி படியவில்லை, காக்கை உட்காரவில்லை. ஊர் ஜனம் படியேறி வந்தது. பேசிக்கொண்டே ஏறியவர்கள் கதவடிக்கு வந்ததும் பேச்சை விட்டார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு பக்கம் நகர்ந்து பின்னால் வருகிறவருக்கு இடம் விட்டு, வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு இறங்கினார்கள். வாயாடி என்று பெயர் எடுத்த சைக்கிள் கடைக்காரர்கூட அன்று முழுக்க ஒரு வாடிக்கையாளரையும் திட்டவில்லை. பைண்டிங்கக்காவுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும். கூடவே எரிச்சலும் வரும். இவ்வளவு அழகான ஒன்றைத்தான் தாண்டி வரமுடியாமல் மனுஷன் நிற்கிறார்.

தினமும் நாலு மணிக்கு மகளைத் தூக்கிக்கொண்டு கதவடிக்கு வருவார். முப்பத்திரண்டு அடிக்கு அந்தப் பக்கம் மேஸ்திரி எழுந்து நிற்பார், தலையைக் கோதிக்கொள்வார். பல் முளைத்ததை அங்கிருந்தே பார்த்தார், நடக்கக் கற்றதை அங்கிருந்தே பார்த்தார். ஒரு முறை பொறுக்காமல், "வாளியில வச்சு அனுப்பேன், ஒரு தரம் தூக்கிட்டு அனுப்பிடறேன்" என்று கேட்டும்விட்டார். பைண்டிங்கக்கா திட்டிக்கொண்டேதான் தெருவுக்கு இறங்கி, பிள்ளையை வாளியில் உட்காரவைத்து, கயிற்றை இரண்டு முறை இழுத்துச் சோதித்தார். நான்கு வருடமாகத் தரையில் புரண்ட கயிறு, பிள்ளை உட்கார்ந்ததும் வாளிக்கு எட்டாமல் ஆள் உயரம் குறைந்து மேலே தொங்கியது. மேஸ்திரி அதை இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அன்று சாப்பாட்டு வாளி அப்படியே திரும்பி வந்தது.

அதற்கு மறு வாரம், பைண்டிங்கக்கா மேசையில் நோட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். மகள் கீழே உட்கார்ந்து வெட்டுத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா."

"ம்."

"அப்பா சூடா இருப்பாரா, ஜில்லுனு இருப்பாரா?"

ஊசி பாதித் தையலில் நின்றது. பைண்டிங்கக்காவுக்குச் சொல்லத் தெரியும், ஆனால் சொல்லித் தெரியவைக்கிற விஷயமா அது? சுற்றி ஒரு தரம் பார்த்தார். அடுக்கி வைத்த தாள்கள் மொடமொடவென்று காய்ந்திருந்தன. சுவரில் ஒரு கறை இல்லை, கூரையில் ஒரு புள்ளி இல்லை. எந்த வீட்டுக்காக அவ்வளவு சொன்னாரோ அந்த வீடு. ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்தார். மணி நாலு ஆகவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படி ஏறினார்.

கதவைத் திறந்ததும் மேஸ்திரி எழுந்தார். பைண்டிங்கக்கா கதவடியில் நின்று, நான்கு வருடமாக அங்கே வந்தவுடன் இறுக்கிப் பிடித்துக்கொள்கிற கையை, விரல் விரலாக விட்டார்.

"ஏய், பிள்ளைய பிடி! தடம் விழும்!"

"விழட்டும்."

"ஒழுகும்மா! இத்தனை வருஷம்—"

"ஒழுகட்டும்ங்க. எனக்குப் பாத்திரம் இருக்கு."

மகள் ஆகாயத்தின் மேல் காலை வைத்தாள். அவள் பாதம் ஒரு மேகத்தின் ஓரத்தில் பதிந்தது. வழுக்கவில்லை, ஒட்டவும் இல்லை. அடுத்த காலை வைத்தாள். அவள் எடுத்த இடத்தில் சின்ன பாதம் ஒன்று ஐந்து விரலோடு நின்றது, அதைச் சுற்றிப் பூச்சு மெல்ல மங்கிக் காயத் தொடங்கியது. புது நோட்டின் தாள்களைப் பிரிக்கும்போது வருகிற சத்தம் மாடி முழுக்கக் கேட்டது. மேஸ்திரி கத்துவதை எப்போது நிறுத்தினார் என்று அவருக்கே தெரியாது. பைண்டிங்கக்கா மூச்சு விடாமல் எண்ணினார். இருபத்தாறு காலடி. இருபத்தாறாவது காலடியில் மேஸ்திரி குனிந்தார், பிள்ளை அவர் கழுத்தில் இருந்தாள். இரண்டு கையாலும் அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி, கதவடியில் நிற்கிற அம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாக அறிவித்தாள்.

"சூடு!"

ஆகாயம் அந்த நிமிடமே தளத்தை விட்டுப் போய்விட்டது. பூச்சு முழுசாகக் காய்ந்திருந்தது. நல்ல பூச்சு, ஒரு குமிழ் இல்லை, ஒரு சுருக்கம் இல்லை, இருபத்தாறு தடங்களைத் தவிர. மகளைத் தூக்கிக்கொண்டு மேஸ்திரி அந்தத் தடங்களை மிதிக்காமல் ஓரமாக நடந்து வந்தார். முப்பத்திரண்டு அடியைக் கடக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். கதவடியில் மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, குளிக்க வெந்நீர் வைக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த மழைக்கு, படியிலிருந்து மூலை வரை கூரையில் இருபத்தாறு ஈரப் பாதங்கள் வரிசையாகத் தோன்றின. பைண்டிங் மேசைக்கு மேல் ஏழாவது, சமையலறையில் பதினாலாவது, கட்டிலுக்கு நேர்மேலே இருபத்து மூன்றாவது. ஒவ்வொன்றின் குதிகாலிலிருந்தும் சொட்டியது. மழை விட்டதும் மேஸ்திரி இரண்டாவது கோட்டுக்காக எடுத்து வைத்திருந்த வாளியோடு மேலே போனார். அரை நாள் வேலை. மூடியைத் திறந்தார், தடங்களைப் பார்த்தார், மூடியைப் போட்டார், இறங்கி வந்தார். மறுநாளிலிருந்து ஊர்க் கூரைகளுக்குப் போனார். அங்கே அவர் கை வைத்த எந்த வீடும் இன்றுவரை ஒழுகவில்லை. பைண்டிங்கக்கா மேசையை ஒன்றரை அடி இடப்பக்கம் நகர்த்திக்கொண்டார். இருபத்தாறு பாத்திரத்துக்கும் இடம் பழகிவிட்டது.

பாதங்கள் வருடா வருடம் வளர்ந்தன என்பதை முதலில் கவனித்தவர் பைண்டிங்கக்காதான். மகளுக்குச் செருப்பு சிறிதாகும் வருடம் கூரையிலும் அளவு கூடியிருக்கும். பதினோரு வயதில் அவள் வேறு ஊர் விடுதியில் தங்கிப் படிக்கப் போனபின் அது பெரிய சௌகரியமாகப் போயிற்று. முதல் மழை பெய்ததும் மேஸ்திரி முக்காலி போட்டு ஏறி, ஏழாவது பாதத்தை டேப்பால் அளப்பார். அந்த அளவுக்கு ஒரு ஜோடி வாங்கி அனுப்புவார்கள். இதுவரை ஒன்றும் திரும்பி வந்ததில்லை.

அளந்து முடித்தும் அவர் சட்டென்று இறங்கமாட்டார். கீழே நின்று முக்காலியைப் பிடித்துக்கொண்டிருக்கும் பைண்டிங்கக்கா கேட்பார், "சூடா இருக்கா?"

மேஸ்திரி உள்ளங்கையை விரித்து அந்த ஈரத்தின் மேல் வைப்பார், தண்ணீர் முழங்கை வழியாக இறங்கிச் சட்டைக்குள் போகும்.

"இருக்கும்மா. நல்லாத்தான் இருக்கா."

பைண்டிங்கக்கா முக்காலியை விட்டுவிட்டு, குனிந்து, தவலையை ஒரு விரற்கடை நகர்த்தி வைப்பார்.