கரி ஒட்டாத குழந்தை

சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்தால் நான் நேராக வீட்டுக்குள் போவதில்லை. குவார்ட்டர்ஸ் பின்பக்கக் குழாயடியில் தேய்த்துக் குளித்த பிறகும் மகள் தமிழ்நிலாவைத் தூக்க மாட்டேன். வாசற்படியில் நின்று பார்ப்பதோடு சரி.

பிறந்த சில மாதங்களில் அவளுக்குக் காரணமில்லாத காய்ச்சல் வந்தது. கை கால் விறைத்தது. மார்கழிக் குளிரில் விரல்கள் சிவந்து வீங்கின. அப்பன் கொண்டுவரும் கரித்தூள்தான் காரணம் என்று எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கே சொன்னது. நானும் நம்பினேன்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் கிருஷ்ணப்ரியா ரத்தப் பரிசோதனை முடிவைச் சொன்னார்.

"டி.என்.ஏ.வுல தப்பா சேர்ந்துடுற ஆர்.என்.ஏ.வை அறுத்து எடுக்க உடம்புல ஒரு என்சைம் இருக்கு. பாப்பாவுக்கு அது சரியா வேலை செய்யல. அதனால வைரஸ் புகுந்துடுச்சுன்னு நினைச்சு உடம்பு தன்னையே தாக்குது."

"அப்ப கிருமி?"

"கிருமியே இல்லைங்க. உங்க ரெண்டு பேர் ஜீன்லயும் ஒவ்வொரு பழுது இருக்கு. ரெண்டும் பாப்பாவுக்குச் சேர்ந்துடுச்சு."

"கரித்தூள்?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

என்னால் வந்ததில்லை என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ ஆத்திரமாக வந்தது. இல்லாத எதிரியோடு ஒரு உடம்பு எதற்காகச் சண்டை போட வேண்டும்? யாரைப் பிடித்து உலுக்குவது?

பண்ருட்டியில் பஸ் மாறும்போது என் மனைவி செந்தாமரை கேட்டாள்: "நான் முத்தாண்டிக்குப்பம். நீங்க சிவகாசிப் பக்கம். சொந்தம்கூட இல்ல. எப்பிடிங்க ரெண்டு பேருகிட்டயும் அதே பழுது?"

"தெரியல."

"டாக்டர் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"பாதி. அந்தப் பாதியும் இப்பக் குழம்புது."

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் கால்கள் தாமாகவே குழாயடிக்குப் போயின. செந்தாமரை குழந்தையோடு பின்வாசலில் நின்றாள்.

"இன்னும் எதுக்குங்க தேய்ச்சிகினு இருக்கீங்க?"

எதற்கென்று எனக்கே தெரியவில்லை. "சட்டை அழுக்கு" என்றேன். அவள் காதில் வாங்காமல் குழந்தையை என் கையில் வைத்தாள். என் பெண் இவ்வளவு லேசாக இருப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. விறைத்த கையோடு என் தோளில் சாய்ந்தாள். சட்டையிலிருந்த கரி அவள் கன்னத்தில் ஒட்டிவிட்டது. பதறிப்போய் விரலால் துடைத்தேன். இன்னும் பரவியது.

"வுடுங்க, கரிதான, அது கழுவுனா போயிடும்" என்றாள் செந்தாமரை.

சொன்னவள் அப்படியே படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.