சுங்க வீட்டு அட்டை

"எழுபதாவது பிறந்தநாளன்று ஊரில் இல்லை" என்று தெல்லெர்வோ செய்தித்தாளில் ஒரு வரி போட்டிருந்தாள். வாழ்த்துகிறேன் பேர்வழி என்று யாரும் வாசலில் வந்து நிற்காதீர்கள் என்று அதற்குப் பொருள். இப்படிப் போடுகிறவர்களில் பாதிப்பேர் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில்தான் இருப்பார்கள். தங்கை ரைலிக்கா இது தெரியாது?

அக்கா அவளோடு பேசிப் பதினோரு வருடம். அம்மா இறந்தபின், அவர்கள் இருவரும் வளர்ந்த நாந்தலி வீட்டைக் காலி செய்து விற்றது ரைலிதான். பிறகு வந்த தெல்லெர்வோ வெறும் அறைகளைச் சுற்றிப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு பேருந்து ஏறினாள், அவ்வளவுதான். கோபம் வெள்ளிக் கரண்டிகளுக்காகவோ என்று ரைலி அத்தனையையும் பெட்டி கட்டி அனுப்பினாள். பெட்டி பிரிக்காமலே திரும்பி வந்தது. இந்தப் பிறந்தநாளையும் விட்டால் அக்காவை இனிப் பார்க்கவே முடியாது என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது.

ரைலிக்குத் தெரிந்த தொழில் காகிதக் கட்டடம். துர்க்கு கோட்டை, ஏரிக்கரைத் தேவாலயங்கள் என்று எத்தனையோ செய்திருக்கிறாள். ஒரே தடித்த வெள்ளைத் தாளைக் கத்தியால் கீறி, மடித்து, அட்டையைத் திறந்தால் கட்டடம் எழுந்து நிற்கும்படி செய்துவிடுவாள். அக்காவுக்காக அவர்கள் தெருமுனையில் இருந்த சுங்க வீட்டை எடுத்தாள். கடிகாரக் கோபுரம் வைத்த மர வீடு. எரிந்துபோய் ஐம்பது வருடமாகிறது, ஒரு பழைய புகைப்படம்தான் மிச்சம்.

பிப்ரவரி மாதம். வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. கத்தி நகர நகர ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தார் மணம் வந்தது. ஏழு வயது ரைலி புத்தகப் பையோடு படிக்கட்டைக் கடந்தாள், மேலே கடிகாரம் எட்டு அடித்தது. தாளை வெட்டுகிறோமா, அந்தத் தெருவில் நடக்கிறோமா என்றே அவளுக்குப் புரியவில்லை. காப்பி இரண்டு தடவை ஆறிப்போனது.

பிறந்தநாளன்று அக்கா வீட்டுக்குப் போகும் பேருந்தில் அட்டையை மெல்லத் திறந்து பார்த்தாள். வலப்பக்கம் நிற்கவேண்டிய கோபுரம் இடப்பக்கம் நின்றது!

பென்சில் கோடு முன்னால் தெரியக்கூடாது என்பதற்காகத் தாளின் பின்பக்கம்தான் வரைந்து வெட்டுவார்கள். அதனால் படத்தை முதலில் இடம் வலமாகத் திருப்பிக்கொள்ளவேண்டும். கற்றுக்குட்டி செய்கிற தவறு. முப்பது வருடம் செய்யாததை, சொப்பனத்தில் நடந்துகொண்டே இன்று செய்துவிட்டாள். திரும்பிப் போக நேரமில்லை.

ஊரில் இல்லாதவளின் வீட்டிலிருந்து ஏலக்காய் ரொட்டி மணம் மாடிப்படிவரை வந்தது. மணியடித்தாள். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது.

"ஊர்ல இல்லைன்னு போட்டிருந்தேனே. படிக்கலியா?"

"படிச்சேன்க்கா. அதான் வந்தேன்."

"திமிர் மட்டும் அப்படியே இருக்கு. பூட்ஸைக் கழட்டு, தரையெல்லாம் பனி."

மேசையில் ஒரே ஒரு கோப்பை இருந்தது. ரைலி உட்காராமலே அட்டையை நீட்டினாள். "தப்பாப் போச்சுக்கா. திருப்பிப் போடாம வெட்டிட்டேன். கோபுரம் இந்தப் பக்கம் வந்துடுச்சு. வேற செஞ்சு தரேன்."

தெல்லெர்வோ திறந்தாள். சுங்க வீடு எழுந்து நின்றது. அவள் அதைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"யாருடி தப்புன்னு சொன்னது? இப்படித்தான் இருந்துச்சு."

"இல்லக்கா, கோபுரம் கடல் பக்கம்..."

"அது தெருவுல ஓடினவளுக்கு. இடுப்புல மாவுக்கட்டோட ரெண்டு வருஷம் கெடந்தேனே, நான் எங்க தெருவைப் பார்த்தேன்? ஜன்னலுக்கு வெளிய அப்பா மாட்டியிருந்தாரே வம்புக் கண்ணாடி, அதுலதான் பார்த்தேன். எனக்குக் கோபுரம் எப்பவும் இந்தப் பக்கம்தான்."

ரைலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் காலத்து மர வீடுகளில் எல்லாம் ஜன்னலுக்கு ஜன்னல் தொங்கிய கண்ணாடி. உள்ளே இருந்தபடியே தெருவில் போகிறவர்களை வேவு பார்ப்பதற்கு. வீட்டைக் காலி செய்தபோது அது துருப்பிடித்து, ரசம் போயிருந்தது. அதைப் பழைய இரும்போடு போட்டவள் அவள்தான்.

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"கேட்டியா நீ? ஒரு போன் போட்டுக் கேட்டியா?"

கேட்கவில்லை. கரண்டிகளை எண்ணத் தெரிந்ததே தவிர இதைக் கேட்கத் தோன்றவில்லை. ரைலி நின்ற இடத்திலேயே அழுதாள். "மன்னிச்சுடுக்கா" என்பது பாதிதான் வெளியே வந்தது.

தெல்லெர்வோ அவளைப் பார்க்கவில்லை. காகிதப் படிக்கட்டை விரல் நுனியால் தொட்டாள்.

"தினம் எட்டு மணிக்கு இங்க வந்து நின்னு, திரும்பிக் கையாட்டுவ. அதுக்கப்புறம்தான் பள்ளிக்கூடம் போவ. அதுக்காகவே நான் முழிச்சிக்கிட்டிருப்பேன். என் தங்கச்சி என்னை மறக்கலைன்னு நெனச்சுக்குவேன்."

ரைலிக்கு நன்றாக நினைவிருந்தது. படிக்கட்டில் சுங்கக் காவலாளியின் பழுப்பு நாய் படுத்திருக்கும். அவள் தினமும் கையாட்டியது அதற்குத்தான். படுக்கையில் கிடந்த அக்காவை ஒருநாளும் அங்கே நின்று நினைத்ததில்லை.

"எனக்குத்தானே ஆட்டின?" என்றாள் தெல்லெர்வோ.

"வேற யாருக்கு?" என்றாள் ரைலி.

தெல்லெர்வோ எழுந்துபோய் அலமாரியிலிருந்து இன்னொரு கோப்பையை எடுத்துவந்தாள்.