இல்லாத சீனி வருத்தம்

காலை எட்டரை மணிக்குக் கடல் சாய்ந்தது.

அலை இல்லை. காற்றும் இல்லை. ஆனாலும் தண்ணீர் முழுவதும் ஒரு பக்கமாகச் சரிந்து, எண்ணெய்போல மெல்ல வழிந்து வானத்துக்குள் போவதைக் கனிசியஸ் பார்த்துக்கொண்டு நின்றான். அழகாக இருந்தது. அதுதான் பயமாகவும் இருந்தது.

கையைப் பார்த்தான். வலைக்கயிற்றைப் பிடித்திருந்த விரல்கள் பத்தும் தனித்தனியாக ஆடின.

"என்னடா, கயிறென்ன வீணையோ? இழு," என்றான் எஞ்சினடியில் நின்ற றோய். கனிசியஸின் அக்கா லவீனாவின் கணவன். வள்ளம் அவனுடையது.

"இழுக்கிறன் அத்தான்."

சொல் வாயைவிட்டு வர நேரமெடுத்தது. குழறிக்கொண்டு வந்தது.

றோய் கிட்ட வந்தான். முதலில், குடித்திருக்கிறானோ என்று அவன் வாயை முகர்ந்து பார்த்தான். பிறகு அப்படிச் செய்ததற்கு வெட்கப்பட்டவன்போலத் தோளில் தட்டினான்.

"சீனி இறங்கிட்டுது. இரு."

பலகைக்கடியிலிருந்து டொபிப் பை வந்தது. மூன்றைப் பிரித்து மைத்துனன் வாய்க்குள் வைத்தான். எட்டு மாதமாக அந்தப் பையை ஒருநாளும் மறந்ததில்லை. மைத்துனனுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு அல்லவா.

கனிசியஸுக்குச் சீனி வருத்தம் இல்லை.

அவன் விழுங்குவது லித்தியம், மனநோய்க்கு. மூன்று வருடங்களுக்கு முன் முல்லைத்தீவுக் கரையில் வாடிக் கொட்டில் போட்டு மீன்பிடித் தொழில் செய்தபோது, எட்டு நாள் நித்திரையில்லாமல் பாடிக்கொண்டு கரையெல்லாம் திரிந்தவனை அந்தக் குளிசைதான் திருப்பிக் கொண்டுவந்தது. குருநகருக்கு அக்காவிடம் வந்ததும், சீனிக்குப் போடுகிறேன் என்று சொல்லச் சொன்னவள் லவீனா. காரணம், றோயின் வாய். "விசர்க்குளிசை போடுறவனைக் கடலுக்கு ஏத்துறவன்தான் முதல் விசரன்" என்று வேறு யாரையோ பற்றி ஒருதரம் சொல்லியிருந்தான்.

கிளினிக் டொக்டர் கடலுக்குப் போவதைத் தடுக்கவில்லை. "தண்ணி குடியுங்கோ. உப்பைக் குறைக்காதேங்கோ. வயித்தோட்டம், சத்தி எண்டால் குளிசையை நிப்பாட்டிப்போட்டு உடனை வாங்கோ. கூட வாறவருக்கும் சொல்லிவையுங்கோ." எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். நேற்று முழுக்க வயிற்றோட்டம். குளிசையை நிறுத்தவில்லை. யாருக்கும் சொல்லவுமில்லை.

உடம்பில் தண்ணீர் வற்ற, இப்போது மருந்து இரத்தத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் படு. டொபி கரைய எழும்பிடுவாய். இன்னும் அஞ்சு துண்டு வலைதான்."

படுத்தான். நீலம் உள்ளே இறங்கியது. கடலுக்கடியில் யாரோ பூசைக்கு மணி அடித்தார்கள். வானத்தில் மீன்கள் போய்க்கொண்டிருந்தன, ஒரு அவசரமும் இல்லாமல். இப்படியே கிடந்தால் நல்லது. வாய் திறக்க வேண்டாம். வள்ளத்தில் இடமும் போகாது.

அஞ்சு துண்டு வலை என்றால் ஒரு மணித்தியாலம். கரைக்கு இன்னொரு மணித்தியாலம். அதற்குள் பேச்சு போய்விடும். ஆஸ்பத்திரியில் றோய் 'சீனி' என்பான். அவர்களும் சீனியைத் தேடுவார்கள்.

"அத்தான்."

"ம்."

"எனக்குச் சீனி இல்லை."

"அதைத்தானே நானும் சொல்லுறன், இறங்கிட்டுதெண்டு."

"அந்த வருத்தமே இல்லை. நான் போடுறது தலைக்கு. லித்தியம். இப்ப கூடிப்போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகோணும்."

வலையில் ஏதோ ஒரு மீன் அடித்துக்கொண்டது.

"லவீனாவுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"எட்டு மாசமா நான் டொபி வாங்கியிருக்கிறன். அவளும் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறாள்."

பாதி வலை வள்ளத்தில், பாதி கடலில். விட்டுப்போனால் இழுவைப்படகு வாரிக்கொண்டு போய்விடும். றோய் அதை ஒருமுறை பார்த்தான். கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தான்.

எஞ்சின் உறுமியது. தண்ணீர்க் கானைக் காலால் தள்ளிவிட்டான்.

"குடி. கொஞ்சம் கொஞ்சமா. பேர் என்ன சொன்னனி?"

"லித்தியம்."

"எத்தினை?"

"ராவிலை ரெண்டு."

"லித்தியம், ராவிலை ரெண்டு. லித்தியம், ராவிலை ரெண்டு." செபமாலை சொல்வதுபோல றோய் சொல்லிக்கொண்டே வந்தான். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கனிசியஸ் மிதந்தான்.

கரைக்குக் கிட்ட, மண்டைதீவு தெரிந்ததும் போன் வேலை செய்தது. ஓட்டோ ஓடும் லெனாட்டுக்கு எடுத்தான் றோய்.

"துறைக்கு வா. மச்சானுக்கு லித்தியம் கூடிப்போச்சு. இல்லையடா, சீனி இல்லை. லித்தியம். தலைக்குப் போடுறது."

எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்தினான். பக்கத்து வள்ளங்கள் இரண்டில் தலைகள் திரும்பின.

"மெதுவாக் கதையுங்கோ அத்தான்."

"நீ மெதுவாக் கதைச்சது போதும்."

"இனி என்னை ஏத்தமாட்டியள், என்ன?"

"கிளினிக்குக்கு நானும் வாறன். கடலுக்குப் போகலாமெண்டு டொக்டர் எனக்கு முன்னாலை சொல்லோணும். சொன்னால் ஏறு. சொல்லாட்டில் கரையிலை இருந்து வலையைத் தை. உன்ரை கொக்காவோடை நான் வேறையாக் கதைக்கிறன்."

துறை வந்தது. இரண்டு லெனாட்டுகள் இரண்டு ஓட்டோக்களோடு நின்றார்கள். கனிசியஸ் இரண்டு பேருக்கும் கையைத் தூக்கினான்.